பிழையில்லாத பொய்: வேலை மோசடியும் மொழிமீது வைக்கும் நம்பிக்கையும்

வேலை தேடும் மாணவர்களுக்குக் கல்லூரிகளும் வங்கிகளும் காவல்துறையும் வழங்கும் எச்சரிக்கைக் குறிப்புகளில் ஓர் அறிவுரை அடிக்கடி இடம்பெறுகிறது. வந்திருக்கும் கடிதத்தில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இருந்தால் அது மோசடியாக இருக்கக்கூடும் என்பதே அது. ஒரு காலத்தில் இவ்வறிவுரைக்கு ஓரளவு பயன் இருந்தது. இன்று அது பயனற்றுப்போனதோடு தீங்கும் விளைவிக்கிறது. பிழையைக் கண்டால் ஐயுற வேண்டும் என்று கற்றுக்கொள்பவர், பிழை இல்லாவிட்டால் நம்பலாம் என்பதையும் எவரும் சொல்லாமலே சேர்த்துக் கற்றுக்கொள்கிறார். மோசடி செய்பவருக்கு வேண்டியதும் அந்த இரண்டாவது பாடம்தான்.

பிழையற்ற ஆங்கிலம் இன்று எவருக்கும் செலவின்றிக் கிடைக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், மனிதவளப் பிரிவின் தொனியில் ஒரு நியமனக் கடிதம் எழுத ஆங்கில அறிவே தேவைப்படுவதில்லை. தமிழுக்கும் இந்திக்கும் வங்காளத்துக்கும் அதே வசதி உண்டு. அதற்கு முன்பும், உண்மையான நியமன ஆணை ஒன்றைக் கைப்பற்றிப் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவது அரிய செயலாக இருந்ததில்லை. மறுபுறம், உண்மையான நிறுவனங்களின் கடிதங்கள் பிழையற்றவை என்றும் சொல்ல இயலாது. பல்கலைக்கழகத் துறைகள் வெளியிடும் ஆய்வுத்திட்டப் பணியிட விளம்பரங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள், சென்ற ஆண்டின் தேதி நீக்கப்படாமலும் வாக்கியம் முற்றுப்பெறாமலும் வெளிவந்தவற்றைப் பார்த்தே இருப்பர். பிழை பொய்க்கு அடையாளம் அன்று. பிழையின்மை மெய்க்கு அடையாளமும் அன்று.

இவ்வறிவுரையில் சமூக அநீதி ஒன்றும் உண்டு. ஆங்கிலக் கடிதத்தின் பிழையைக் கண்டறிய ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். தாய்மொழி வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வேலைச் சந்தைக்கு வரும் இளைஞருக்கு அந்தத் தேர்ச்சி வாய்க்காதிருக்கலாம். இந்த அளவுகோல் அவரைக் காவலின்றி விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் வல்லவருக்கோ, தம்மை எவரும் ஏமாற்ற இயலாது என்னும் வெற்றுத் துணிவைத் தருகிறது. மொழித்திறனைக் கேடயமாகக் காட்டும் அறிவுரை இருவரையுமே கைவிடுகிறது.

இதற்கு நாடறிந்த சான்று நிதி ராஸ்தானுக்கு நேர்ந்தது. என்டிடிவி தொலைக்காட்சியில் 21 ஆண்டுகள் பணியாற்றிய அவர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கும் இணைப் பேராசிரியர் பணி கிடைத்திருப்பதாகக் கூறி 2020 ஜூனில் அந்நிறுவனத்திலிருந்து விலகினார். 2021 ஜனவரி 15 அன்று, அப்படியொரு பணி தமக்கு வழங்கப்படவே இல்லை என்றும், திட்டமிட்ட இணைய மோசடிக்குத் தாம் இலக்கானதாகவும் அறிவித்தார். நிகழ்ச்சி ஒன்றில் பேசுவதற்கான அழைப்பு, அதன்பின் பணியிடம் பற்றிய தகவல், இணையவழி நேர்காணல், நியமனக் கடிதம் என எல்லாம் முறைப்படி வந்திருந்தன. பெருந்தொற்றைக் காரணம் காட்டிப் பணியில் சேரும் நாள் தள்ளிப்போடப்பட்டது; உலகமே தள்ளிப்போடப்பட்ட ஆண்டில் அது ஐயத்துக்கு இடந்தரவில்லை. ஆங்கிலமும் கேள்வி கேட்பதுமே தொழிலாகக் கொண்ட ஒருவர் அக்கடிதங்களை மாதக்கணக்கில் நம்பினார். பல்கலைக்கழகத்தின் உயரதிகாரிகளை அவரே நேரடியாகத் தொடர்புகொண்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது.

அதே காலத்தில் அதே முறையில் வேறு சில இந்தியப் பெண்களும் அணுகப்பட்டதை நியூயார்க் டைம்ஸ் பின்னர் விசாரித்து எழுதியது. அவர்களுள் ஒருவர், தமக்கு எழுதியவரிடம் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இல்லாததைக் கவனித்து ஐயுற்று விலகிக்கொண்டார். கடிதத்தின் மொழியிலிருந்து அவருக்கு எந்தத் துப்பும் கிடைக்கவில்லை. கடிதம் வந்த வழியே அவரைக் காத்தது.

மொழியியல் பயின்றோருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் அதே ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962இல் நூலாக வெளிவந்தன. உலகைப் பற்றிச் செய்தி சொல்லும் கூற்றுகளுக்கு அப்பால், சொல்வதன் வாயிலாகவே ஒரு செயலைச் செய்துமுடிக்கும் கூற்றுகளும் உண்டு என்று அவற்றில் அவர் காட்டினார். ‘கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன்’ என்பதும் ‘இப்பதவியில் உங்களை நியமிக்கிறோம்’ என்பதும் இவ்வகையின. இத்தகைய கூற்று நிறைவேறுவதற்குச் சொற்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்பவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும், உரிய நடைமுறையும் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். அதிகாரமற்றவர் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னாலும் செயல் நிகழ்வதில்லை. நியமன ஆணையின் சொற்களை ஒருவர் முழுமையாகக் களவாடிவிட முடியும். நியமிக்கும் அதிகாரத்தைக் களவாட முடியாது. எனவே கடிதம் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், அதைச் சொல்லும் அதிகாரம் சொல்பவருக்கு எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்கது.

அதிகாரத்தின் தோற்றத்தை எவ்வளவு தூரம் நடித்துக்காட்ட முடியும் என்பதற்கு 2022இல் தில்லியில் நடந்த ஒரு மோசடி அளவுகோலாகும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற 28 இளைஞர்கள், அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஏறத்தாழ ஒரு மாத காலம் புதுதில்லி இரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று, வந்துபோகும் இரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் நாள்தோறும் 8 மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தனர். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர் முதலிய பணிகளுக்கான பயிற்சி அது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் ரூ.2 இலட்சம் முதல் ரூ.24 இலட்சம் வரை கொடுத்திருந்தனர், மொத்தம் ரூ.2.67 கோடி. அவர்களுள் பெரும்பாலோர் பொறியியலோ தொழில்நுட்பமோ படித்தவர்கள். மருத்துவப் பரிசோதனையும் சான்றிதழ் சரிபார்ப்பும்கூட நடந்ததாகப் புகாரில் கூறப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளியானபோது பலர் நகைத்தனர். ஆனால் அந்த இளைஞர்களின் இடத்திலிருந்து நோக்கினால், அரசுப் பணியின் சடங்குகள் ஏறத்தாழ அனைத்தும் அங்கு இருந்தன. இல்லாதது ஒன்றே: இரயில்வே துறை அவர்களை நியமிக்கவில்லை. அதை அறிய ஆள்சேர்ப்பு வாரியத்தின் அறிவிக்கையையும் தேர்வு முடிவுப் பட்டியலையும் தேட வேண்டியிருந்தது. நடைமேடையில் நின்று பார்த்தால் அது தெரியாது.

ஆக, காத்துக்கொள்ளும் முறை சொற்களிலிருந்து வழிகளுக்கு மாற வேண்டும். செய்தி எந்த வழியாக வந்தது, பணம் எந்தத் திசையில் ஓடுகிறது, ஆவணங்கள் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்பவற்றை ஆராய ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. சற்றுப் பொறுமை போதும்.

முதலாவது முகவரி. மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் பெயரை எவரும் எப்படியும் இட்டுக்கொள்ளலாம். அட் குறிக்குப் பின்னுள்ள பகுதியை வலக்கோடியிலிருந்து இடப்புறமாக வாசிப்பதே சரியான வாசிப்பு. ‘ஏ-சி டாட் இன்’, ‘இ-டி-யு டாட் இன்’, ‘ஆர்-இ-எஸ் டாட் இன்’ என முடியும் முகவரிகளை எர்னெட் இந்தியா என்னும் ஒரே அமைப்புதான் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குப் பதிவுசெய்து தருகிறது. ‘ஜி-ஓ-வி டாட் இன்’ அரசுக்கு உரியது. மாறாக ‘டாட் காம்’, ‘டாட் இன்’, ‘டாட் ஓ-ஆர்-ஜி’ என்பவற்றைச் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம். ஒரு நிறுவனத்தின் பெயரோடு ‘கரியர்’, ‘ஜாப்ஸ்’, ‘எச்ஆர்’ போன்ற சொற்களை ஒட்டி வாங்குவதே ஆள்மாறாட்டத்தின் வழக்கமான முதற்படி. ராஸ்தானுக்கு விரிக்கப்பட்ட வலையிலும் ஹார்வர்டின் பெயரோடு ‘கரியர்’ ஒட்டிய ஒரு டாட் காம் முகவரி வாங்கப்பட்டிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் உண்மை முகவரியோ ‘டாட் இ-டி-யு’ என முடிவது. ஆங்கிலத்தின் சிறிய ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் அடுத்தடுத்து இட்டால் கைப்பேசித் திரையில் வேறுபாடு புலப்படாது. உண்மை முகவரியையே அனுப்புநர் இடத்தில் போலியாகக் காட்டுவதும் உண்டு. எனவே முகவரி சரியாக இருப்பது தேவையான நிபந்தனையே தவிரப் போதுமான நிபந்தனை ஆகாது.

ஆகையால் இரண்டாவது, எதிர்வழிச் சரிபார்ப்பு. கடிதத்தில் தரப்பட்ட எண்ணையே அழைத்து அக்கடிதம் உண்மையா என்று வினவுவது, பொய்ச் சாட்சியிடமே அவன் சாட்சியம் மெய்யா என்று கேட்பதற்கு ஒப்பாகும். நிறுவனத்தின் இணையதளத்தைத் தாமே தேடிச் சென்று, அங்குள்ள வேலைவாய்ப்புப் பக்கத்தில் அப்பணியிடம் இருக்கிறதா என்று பார்த்து, அங்குள்ள தொலைபேசி எண்ணையோ முகவரியையோ தொடர்புகொள்ள வேண்டும். பல்கலைக்கழகப் பணியாயின் பதிவாளர் அலுவலகம். ஆய்வுத்திட்டப் பணியாயின் திட்டத்தின் முதன்மை ஆய்வாளர். அந்தப் பல்கலைக்கழகமே உண்மையானதா என்று அறியவும் வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும் அங்கேயே தெரியவரும். உடனே பதில் தராவிட்டால் வாய்ப்புப் பறிபோகும் என்று எதிர்முனை அவசரப்படுத்துமானால், அந்த அவசரத்தின் நோக்கம் பெரும்பாலும் இந்த எதிர்வழிச் சரிபார்ப்பைத் தடுப்பதே.

மூன்றாவது பணம். உண்மையான நிறுவனம் எதுவும் பணம் கேட்காது என்னும் பொதுவான அறிவுரை இந்தியச் சூழலுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. இங்கு அரசுத் தேர்வுகளுக்கும் பல்கலைக்கழகப் பணியிடங்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் வழக்கமானது. 2024 ஜூன் பருவ யுஜிசி-நெட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் செலுத்தியது ரூ.1,150, குடிமைப் பணிகள் தேர்வுக்கு, விலக்குப் பெற்றோர் நீங்கலாக, ரூ.100. வேலைக்காகப் பணம் கட்டிப் பழகிய ஒருவரிடம், பணம் கேட்டாலே மோசடி என்று சொன்னால் அவர் குழம்புவார். பொருத்தமான விதி வேறு: கட்டணம் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தின்போது, வெளியிடப்பட்ட அறிவிக்கையின்படி, அனைவருக்கும் ஒரே தொகையாக, நிறுவனத்தின் தளம் வழியே செலுத்தப்படுவது விண்ணப்பக் கட்டணம். தேர்வாகிவிட்டதாகச் சொன்ன பிறகு, மடிக்கணினிக்கான முன்பணம், பின்னணிச் சரிபார்ப்புச் செலவு, பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்கப்பட்டாலும் அது தூண்டில். தனிநபரின் யுபிஐ எண்ணுக்குக் கேட்கப்பட்டால் ஐயத்துக்கே இடமில்லை. சம்பள முன்பணம் அனுப்புவதாகக் கூறி யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னால், பணம் வரப்போவதில்லை, போகப்போகிறது; பெறுவதற்குப் பின் எண் தேவைப்படுவதே இல்லை.

ஆய்வு மாணவர்களை நோக்கி வருவது பெரும்பாலும் முழுநேர வேலை என்னும் வேடத்தில் அன்று, பகுதிநேர வேலை என்னும் வேடத்தில்தான். நெட் தகுதியின்றி மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பயில்வோர்க்கு மாதம் ரூ.8,000 உதவித்தொகை, அதுவும் காலத்தில் வந்துசேர்வதில்லை. அந்த இடைவெளியில்தான் மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவை எழுத்தாக்கல், தரவு உள்ளீடு என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அழைப்புகள் வருகின்றன. யூடியூப் காணொளிகளுக்கு விருப்பக்குறி இடுவது போன்ற சிறு வேலைக்கு முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே தரப்படுகிறது. பின்னர் முன்பணம் கட்டிச் செய்யும் வேலைகள் என்று தொகை உயர்ந்துகொண்டே போகிறது. இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. தரவு உள்ளீட்டு மோசடியில் மொழி வேறொரு பணி செய்கிறது. வேலையை முடித்துக் கொடுத்தபின், துல்லியம் குறைந்ததால் ஒப்பந்தம் மீறப்பட்டது என்று வழக்கறிஞர் நடையில் ஓர் அறிவிக்கை வருகிறது. வழக்கைத் தவிர்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். சட்ட மொழியின் கடுமையே இங்கு ஆயுதம். உண்மையான வழக்கு நீதிமன்றத்தின் அழைப்பாணையோடு வரும். வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரக் கெடுவோடு வராது.

நான்காவது ஆவணங்கள். பணமே கேட்காத மோசடியும் உண்டு. அதன் இலக்கு ஆதார், பான், கடவுச்சீட்டு, கையொப்பம், வங்கிக் கணக்கு. நேர்காணலே நடவாத நிலையில் இவை கேட்கப்படக் காரணமில்லை. இவற்றினும் கொடியது, நிறுவனத்தின் பணத்தைத் தம் கணக்கில் பெற்று வேறொரு கணக்குக்கு மாற்றுவதையே வேலையாகத் தருவது. கழிவுத் தொகைக்காகக் கணக்கை வாடகைக்கு விடும் மாணவர், மற்றொருவரிடம் பறிக்கப்பட்ட பணத்துக்குச் சுமைதாங்கியாகிறார். விசாரணை முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்கின் உரிமையாளரிடம்தான்.

கடல் கடந்த வேலைகளில் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சொல்லி இளைஞர்களை மியான்மருக்குள் கடத்தும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இத்தகைய மோசடி மையங்களில் கட்டாயப்படுத்தப்பட்டு வேலை வாங்கப்படலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் எல்லை நகரான மே சோட் வழியாக இந்திய விமானப்படை விமானங்களில் மீட்டுவரப்பட்டனர். அம்மையங்களுக்கு வேண்டியது ஆங்கிலமும் கணினியும் அறிந்த பட்டதாரிகள். அயல்நாட்டாரோடு நாள் முழுவதும் உரையாடி நம்பவைப்பதே அவர்களிடமிருந்து வாங்கப்படும் உழைப்பு. நயமான சொற்களில் செய்தி அனுப்பும் மறுமுனை மனிதரே, இதே போன்றதொரு வேலை விளம்பரத்தை நம்பிச் சென்று சிறைப்பட்டவராக இருக்கக்கூடும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்க்கும் முகவர் பதிவுபெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு வரி நீங்கலாக ரூ.30,000. முகவரின் பதிவை இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். சுற்றுலா நுழைவுரிமையில் சென்று அங்கு வேலை உரிமமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் வேலை தேடுபவர் தோளில் ஏற்றுவது நேர்மையாகாது. மோசடி நம்பத்தக்கதாகத் தோன்றுவதற்கு, உண்மையான ஆள்சேர்ப்பே பல வேளைகளில் மோசடியைப் போல் நடந்துகொள்வதும் காரணம். சொந்த முகவரி உள்ள பல்கலைக்கழகங்களின் துறைகளே, ஆய்வுத்திட்ட விளம்பரங்களில் தன்விவரத்தை ஜிமெயில் முகவரிக்கு அனுப்பச் சொல்கின்றன. நேர்காணல் தேதி வாட்ஸ்அப்பில் வருகிறது. விளம்பரம் துறையின் தளத்தில் ஏறும் முன்பே குழுக்களில் படமாகச் சுற்றுகிறது. விண்ணப்பித்தவருக்குத் தேர்வானார், தேர்வாகவில்லை என்ற ஒரு வரி பதிலும் வருவதில்லை. ஜிமெயிலை நம்பவும், காரணமற்ற மௌனத்தையும் திடீர் அழைப்பையும் இயல்பெனக் கொள்ளவும் கல்வி நிறுவனங்களே மாணவர்களைப் பழக்கிவிட்டன. பழக்கியபின் விழிப்போடு இருக்குமாறு சுற்றறிக்கை அனுப்புவதில் பொருளில்லை.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. பின்வாசல் ஒன்று இருக்கிறது, பணம் கொடுத்தால் திறக்கும் என்று மோசடி செய்பவர் சொல்லும்போது, அது கேட்பவருக்கு நம்ப முடியாத செய்தியாக ஒலிப்பதில்லை. மேற்கு வங்கத்தில் 2016ஆம் ஆண்டு ஆள்சேர்ப்பில் நடந்த முறைகேடுகளுக்காக, பள்ளிகளின் ஆசிரியர், ஆசிரியரல்லாத பணியாளர் என 25,000க்கும் மேற்பட்டோரின் நியமனங்கள் செல்லாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று உறுதிசெய்தது. நேர்மையாகத் தேர்வானவர்களும் அதில் வேலை இழந்தனர். நியமனங்கள் விலைக்குப் போன செய்திகளைக் கேட்டு வளரும் தலைமுறையிடம், அப்படியொரு வழி இருப்பதை நம்பியது பேதைமை என்று சொல்ல முடியாது. நியமனத்தில் ஊழல் நடக்கும் ஒவ்வோர் இடமும் போலி முகவர்களுக்கு இலவச விளம்பரமாகிறது.

ஆகவே நிறுவனங்கள் செய்ய வேண்டியவை சில, பெருஞ்செலவு இல்லாதவை. ஒவ்வொரு பணியிடமும் நிறுவனத்தின் தளத்தில் முதலில் வெளியாக வேண்டும். அங்கு இல்லாதது இல்லை என்று எவரும் துணிந்து சொல்லக்கூடிய நிலை வேண்டும். விளம்பரங்களில் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் இடம்பெறலாகாது. ஒவ்வொரு நியமன ஆணைக்கும் ஓர் எண் இருந்து, அதைத் தளத்தில் இட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். பட்டச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்றத் தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கு இது இயலாத செயலன்று. ஐயம் எழுப்புபவருக்கு ஒரு வேலை நாளுக்குள் பதில் தருவதற்கென்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தன் பெயரில் மோசடி நடப்பதை அறிந்தால் நிறுவனம் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பெயர் கெடும் என்று மறைப்பது அடுத்த ஏமாற்றுக்கு இடமளிக்கும்.

பாதிக்கப்பட்டவர் வாய்திறப்பதும் சமூகம் அவரைப் பற்றிப் பேசும் மொழியைப் பொறுத்தது. தமிழில் ‘ஏமாறு’ தன்வினை, ‘ஏமாற்று’ பிறவினை. நாள்தோறும் வரும் செய்திகளில் ‘பட்டதாரி ஏமாந்தார்’, ‘பேராசிரியை பணத்தைப் பறிகொடுத்தார்’ என்றே தலைப்புகள் அமைகின்றன. வாக்கியத்தின் எழுவாயாகப் பாதிக்கப்பட்டவர் நிற்க, குற்றம் செய்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமற்போகிறார். ‘ஏமாற்றப்பட்டார்’ என்று எழுதும்போதுதான், ஏமாற்றியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இது வெறும் நடை வேறுபாடன்று. ‘படித்தவர் இப்படி ஏமாறலாமா’ என்ற ஒரு வினாவுக்கு அஞ்சியே பல ஆய்வாளர்கள் நண்பர்களிடமும் நெறியாளரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். அந்த மௌனத்தில்தான் பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவி மறைகிறது.

பணம் சென்றுவிட்டால் செய்ய வேண்டியது, கூச்சம் விலகும்வரை காத்திராமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தல், வங்கிக்குத் தெரிவித்தல், உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவுசெய்தல். விரைந்து தெரிவிக்கப்பட்டால், பணம் வெளியேறும் முன் இடைக்கணக்குகளில் அதை நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. பணம் இழக்காமல் தப்பியவரும் அந்த எண்ணையோ செய்தியையோ சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். உரையாடல்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், அவையே சான்று. கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்கும் ரூ.1 இலட்சம் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டு வருபவர், அதே கும்பலின் இரண்டாவது முகமாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது.

வேலை வேண்டும் என்ற விருப்பம் பலவீனம் அன்று. பத்தாண்டுகள் படித்தவருக்கு அது உரிமை. அந்த விருப்பத்தை ஐயத்தால் நிரப்பிக்கொண்டு வாழுமாறு இளைஞர்களிடம் கோருவது எளிது. ஒரு நியமன ஆணை உண்மையா என்பதை இரண்டு நிமிடத்தில் அறியும் வழியை அவர்களுக்கு அமைத்துத் தருவது நிறுவனங்களின் கடன். ஒவ்வொரு துறையும் தன் அறிவிப்புப் பலகையிலுள்ள அடுத்த விளம்பரத்தின் தொடர்பு முகவரியை இன்றே ஒருமுறை பார்க்கட்டும். அது ஜிமெயிலில் முடிகிறதென்றால், திருத்தம் அங்கிருந்து தொடங்கலாம்.